டைட் வைத்தால் மிதிக்க முடியவில்லை, விட்டால் கழல்கிறது: ஒரு டபுள் பார் சைக்கிளின் செயின்

செயின் லூசானால் பின்சக்கர நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, மறுபடி முறுக்கிவிட வேண்டும், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். நிறைய சைக்கிளுக்கு அது போதும்தான். ஆனால் டைட் வைத்த செயின் சில நாளிலேயே மறுபடி தொங்கினால் நட்டில் கை வைப்பதை நிறுத்திவிட்டு, அந்தத் தளர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். அப்படித் தேடிய ஒரு வண்டியைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் செயின் தளர்வதற்கான மூன்று பெரிய காரணங்களும் இந்த ஒரே வண்டியில் ஒன்றுக்கொன்று துணையாக உட்கார்ந்திருந்தன.

வண்டி எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் அண்ணனுடையது. மயிலாடுதுறைப் பக்கம். டபுள் பார் வைத்த கறுப்பு சைக்கிள், 28 இன்ச் சக்கரம், ராடு பிரேக், முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல், பாதி செயின் கவர். கேரியரின் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்கும், ஆளும் பாலும் சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அவர் சொன்ன புகார் இதுதான்: "டைட் வெச்சா மிதிக்கவே முடியல தம்பி, கொஞ்சம் விட்டா கழண்டுடுது." கடையில் பலமுறை டைட் வைத்தாகிவிட்டது, ஒரு தடவை செயினில் ஒரு கண்ணியைக் கழற்றியும் பார்த்தாகிவிட்டது.

அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோய் வெளியே வந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் செயினுக்கு இறுக்கமும் இல்லாமல் தொங்கலும் இல்லாமல் நடுவில் ஓர் இடம் கட்டாயம் இருக்கும். அப்படி ஓர் இடமே கிடைக்கவில்லை என்றால், பெடலைச் சுற்றச் சுற்றச் செயினின் இறுக்கம் மாறிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

எப்போதெல்லாம் கழல்கிறது என்று கேட்டேன். ரயில்வே கேட் தண்டவாளத்தில் மிதிக்காமல் உருளும்போது கழல்கிறது, இது ஒன்று. வாய்க்கால் மதகு ஏற்றத்தில் கேன் நிறையப் பாலோடு எழுந்து நின்று மிதிக்கும்போதும் கழல்கிறது, இது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு சங்கதி. உருளும்போது செயினில் இழுப்பு கிடையாது, கீழ்ப்பக்கச் செயின் குலுக்கலில் ஆடி, முன்பல்லை விட்டு வெளியே ஏறிவிடுகிறது. அது வெறும் தொங்கல். அழுத்தி மிதிக்கும்போது மேல்பக்கச் செயின் விறைப்பாக இருக்கும், அப்போது கழல்கிறது என்றால் மிதிக்கும் வேகத்தில் சக்கரமே இடம் மாறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும், அல்லது பல் தேய்ந்து செயின் தாவுகிறது.

சரி, முதலில் எதையும் கழற்றவில்லை. வண்டியை ஸ்டாண்டில் போட்டு, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் ஆட்டி, ஸ்கேலில் அளந்தேன். மொத்த ஆட்டம் அரை இன்ச், அதாவது 4 நூல் இருந்தால் சரியான அளவு (8 நூல் ஒரு இன்ச்). இங்கே ஓர் இடத்தில் 10 நூல் ஆடியது. பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் அது 7 ஆகி, 3 ஆகி, ஓர் இடத்தில் 1 நூல்கூட இல்லை, செயின் கம்பி மாதிரி விறைத்துக்கொண்டது, பெடலைக் கையால் தள்ளவே கனமாக இருந்தது. இன்னும் திருப்பினால் மறுபடி தொங்கல்.

கடையில் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது தெளிவு. பெடல் எந்த இடத்தில் தற்செயலாக நின்றதோ அந்த இடத்தில் டைட் வைத்திருக்கிறார்கள். தொங்கும் இடத்தில் நின்றிருந்தால், அங்கே சரியாக வைத்த செயின் அரைச்சுற்று தள்ளிப் போனதும் விறைத்து, "மிதிக்கவே முடியல" ஆகிவிடும். விறைக்கும் இடத்தில் நின்றிருந்தால் இன்னொரு பக்கம் தொங்கிக் கழலும். நட்டைத் தொடுவதற்கு முன்னால் பெடலைச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் வைத்துத்தான் டைட் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, இந்த ஏற்ற இறக்கம் யாரால் வருகிறது? முன்பல்லா, ஃப்ரீவீலா, செயினா? இதற்கு ஒரு சாக்பீஸ் போதும். முன்பல்லில் ஒரு கோடு, ஃப்ரீவீலில் ஒரு கோடு, செயினில் ஒரு கண்ணியில் ஒரு கோடு போட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஒவ்வொரு தடவை விறைக்கும்போதும் முன்பல்லின் கோடு அதே இடத்தில் வந்து நின்றால் குற்றம் முன்பல் பக்கம். ஃப்ரீவீல் கோணலாக இருந்தால், பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் விறைப்பு இரண்டரைத் தடவை வந்து போகும், ஏனென்றால் 44-ஐ 18-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 2.44. செயினிலேயே ஒரு கண்ணி இறுகிப்போயிருந்தால் அந்தக் கோடு போட்ட கண்ணி சுற்றி வர பெடல் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும், அதுவரை பிரச்சினை திரும்ப வராது. இங்கே முன்பல்லின் கோடு ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் அதே இடத்தில் வந்தது.

ஃபிரேமில் ஒரு மெல்லிய கம்பியைக் கட்டி, அதன் நுனி பல்லின் முனையை ஒட்டி நிற்கும்படி வளைத்து வைத்துச் சுற்றினேன். ஒரு பக்கம் கம்பியைப் பல் உரசியது, எதிர்ப்பக்கம் இடைவெளி தெரிந்தது. பெரிய இடைவெளி ஒன்றும் இல்லை, ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம். இதற்கா இத்தனை ஆட்டம் என்று தோன்றும். ஆனால் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள், கயிற்றில் கொஞ்சமே கொஞ்சம் நீளம் கூடினாலும் நடுவில் எவ்வளவு இறங்குகிறது! செயினும் அப்படித்தான். இந்த வண்டியில் பெடல் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் பதினெட்டரை இன்ச். அந்த நீளத்தில் செயின் வெறும் 1 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தாலே நடுவில் ஒரு இன்ச்சுக்கு மேல் ஆட்டம் வந்துவிடும். அதையே திருப்பிச் சொன்னால், பின்சக்கரம் அரை மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தாலே போதும், சரியாக வைத்த செயின் தொங்கும்.

முன்பல் பக்கம் என்று தெரிந்தாலும் அது பல்சக்கரமா, அதைத் தாங்கும் பிபி ஆக்சிலா (பெடல் சுற்றும் நடு அச்சு) என்று பிரிக்க வேண்டும். செயினை இறக்கிவிட்டு, பெடல் மாட்டியிருக்கும் இரண்டு கிராங்கையும் பிடித்துக் குறுக்காகவும் மேலும் கீழும் ஆட்டினேன். டக் டக் என்று அசைந்தது. கிராங்கை ஆக்சிலோடு பிடிக்கும் காட்டர் பின் லூசாக இருந்தாலும் இப்படிச் சத்தம் வரும், ஆனால் அப்போது கிராங்க் மட்டும் ஆடும், ஆக்சில் ஆடாது. இங்கே ஆக்சிலே சேர்ந்து ஆடியது. சுற்றினால் கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வேறு.

பிரித்தோம். காட்டர் பின்னை எடுக்கும்போது நட்டை முழுசாகக் கழற்றிவிட்டுச் சுத்தியால் அடித்தால் மரை நசுங்கி பின் வீணாகிவிடும்; நட்டை பின்னின் முனை மட்டத்துக்கு வரும் வரை மட்டும் தளர்த்தி, கிராங்குக்கு அடியில் இரும்புக்குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்து ஒரே அடியாக அடிக்க வேண்டும். இடப்பக்க லாக் ரிங்கையும் கப்பையும் கழற்றினால் பக்கத்துக்குப் பதினொன்றாகக் கால் இன்ச் பால்ஸ் கறுத்த கிரீஸோடு வந்தன, சிலவற்றில் பளபளப்பே இல்லை. வலப்பக்கக் கப்பைக் கழற்றவில்லை, உள்ளே துடைத்து விரலால் தடவிப் பார்த்ததில் வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. (அதைக் கழற்ற வேண்டி வந்தால் நினைவிருக்கட்டும், அந்தப் பக்கம் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்த்திசையில் நீளமான பைப் போட்டு இழுத்து ஃபிரேமைக் கெடுத்தவர்கள் உண்டு.)

ஆக்சிலை மண்ணெண்ணெயில் கழுவி வெளிச்சத்தில் திருப்பினதும் விடை கிடைத்துவிட்டது. பால்ஸ் ஓடும் தடத்தில், வலக்கிராங்க் பக்கம், சுற்றளவில் ஒரு பகுதியில் மட்டும் தோல் உரிந்த மாதிரி சின்னச் சின்னக் குழி. மீதித் தடம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. வலது பெடலில் எழுந்து நின்று மிதிக்கும் ஒவ்வொரு முறையும் ஆக்சிலின் அதே பக்கம்தான் பாரத்தை வாங்குகிறது, செயின் இழுப்பும் அந்தப் பக்கமே. அதனால் ஒரு பக்கத் தேய்மானம், ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் தளர்வு, இன்னோர் இடத்தில் இறுக்கம். இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், தொங்கும் இடத்தில் வைத்து டைட் செய்யச் செய்ய, விறைக்கும் இடத்தில் செயின் ஆக்சிலைப் பின்னோக்கி இழுத்து பால்ஸை நசுக்கியிருக்கிறது. லூஸ் செயினைச் சரிசெய்வதாக நினைத்துச் செய்த வேலைதான் பிபியை இன்னும் வேகமாகத் தின்றிருக்கிறது. கொஞ்சம் லூசான செயின் கழன்று விழும், மாட்டிக்கொண்டு போகலாம். ரொம்ப டைட்டான செயின் சத்தமில்லாமல் பிபியையும் ஹப்பையும் அரித்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் லூசைத்தான் எடுப்பேன்.

புது ஆக்சில், புது பால்ஸ், இடப்பக்கத்துக்குப் புதுக் கப். காட்டர் பின் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், ஒரே திசையில் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. மாட்டியபின் பழைய செயினையே போட்டு அளந்தேன், விறைக்கும் இடத்தை 4 நூலில் வைத்தால் தொங்கும் இடம் 6. அந்த மிச்ச வித்தியாசம் பல்சக்கரத்தின் சொந்தக் கோட்டம், இந்த மாதிரி வண்டியில் அது இருக்கும், அதனால் ஒன்றும் கழலாது.

இரண்டாவது காரணம், செயின். ஸ்டீல் ஸ்கேலை ஒரு பின்னின் நடுவில் வைத்து, செயினை இழுத்துப் பிடித்து அளந்தால், புதுச் செயினில் 24-வது பின் சரியாக 12 இன்ச் கோட்டில் விழும், ஏனென்றால் பின்னுக்குப் பின் அரை இன்ச். அரை நூல் தள்ளிப் போயிருந்தால் செயினை மாற்ற வேண்டிய நேரம். ஒரு நூல் தள்ளிப் போயிருந்தால் ஃப்ரீவீலும் சேர்ந்து போயிருக்கும். இங்கே ஒரு நூலைத் தாண்டியிருந்தது. "செயின் நீண்டுபோச்சு" என்கிறோம், ஆனால் தகடு ரப்பர் மாதிரி நீள்வதில்லை, ஒவ்வொரு பின்னும் அது உட்காரும் துளையும் தேய்ந்து, அந்தச் சிறு இடைவெளிகள் எல்லாம் கூடித்தான் நீளம் ஆகிறது. 1880-ல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு புஷ் (பின்னைச் சுற்றிய சிறு குழாய்) வைத்த ரோலர் செயினைக் கொண்டுவந்ததே இந்தத் தேய்மானத்தை மெல்லிய தகட்டிலிருந்து அகலமான புஷ்ஷுக்கு மாற்றத்தான். இன்றைக்கும் சாதாரண சைக்கிளில் ஓடுவது அந்த வகைச் செயின்தான். புஷ்ஷுக்குள் மணல் போனால் அதற்கும் மருந்து கிடையாது. இந்தச் செயினில் ஓடிய இன்ஜின் ஆயிலை வழித்துப் பூசியிருந்தார்கள், ஆற்று மணலும் புழுதியும் அதில் ஒட்டி, கறுப்புப் பசை மாதிரி இருந்தது. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு, அதுவும் நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் புழுதியைப் பிடிக்கும்.

ஃப்ரீவீலைப் பார்த்தாலே தெரிந்தது. பல்லின் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தது. முன்னால் 44 பல்லில் அவ்வளவு தேய்மானம் இல்லை, காரணம் எளிது: பின்னால் ஒவ்வொரு பல்லும் முன்பல்லைப் போல இரண்டரை மடங்கு தடவை செயினைச் சந்திக்கிறது. இந்த நிலையில் செயினை மட்டும் மாற்றிக் காசை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்கக் கூடாது. புதுச் செயினின் கண்ணி தேய்ந்த பல்லில் சரியாக உட்காராது, அழுத்தி மிதித்ததும் தடக்கென்று தாவும், பாரத்தோடு எழுந்து நின்று மிதிக்கிறவருக்கு அது முகத்தில் அடிபடுகிற விபத்து. ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்கத் தானாக இறுகும் மரை, அதனால் பழையதைக் கழற்றுவது லேசல்ல. கழற்றும் கருவியை வைஸில் கவ்வ வைத்து, சக்கரத்தையே ஸ்டியரிங் மாதிரி இரண்டு பேர் பிடித்துத் திருப்பினோம்.

புதுச் செயின் வெட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. பழைய செயினைப் பக்கத்தில் நீட்டி வைத்து அதே நீளத்துக்கு வெட்டக் கூடாது, அது நீண்ட செயின். எண்ணித்தான் வெட்ட வேண்டும். எண்ணினால் இங்கே அரை இன்ச் கணக்கில் 104 கண்ணி. ஆனால் கடையில் கழற்றிய ஜோடி ஒன்று இருக்கிறதே, அதைக் கூட்டினால் 106, அதுதான் வண்டியின் சொந்தக் கணக்கு. கண்ணி கழற்றினால் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று ஜோடியாகத்தான் போகும், ஒரு முழு இன்ச். சக்கரம் அதில் பாதி, அரை இன்ச் முன்னால் வரும். தேய்ந்த செயினுக்கு அது அப்போதைக்கு உதவியிருக்கிறது. புதிதாக 104 போட்டிருந்தால் ஏற்கெனவே முன்னால் இருந்த சக்கரம் இன்னும் முன்னால் போக வேண்டும், ஃபிரேமில் ஆக்சில் உட்காரும் பிளவில் அதற்கு இடமே இல்லை. 106 போட்டதும் ஆக்சில் பிளவின் நடுவில் வந்து உட்கார்ந்தது, இனி பின்னால் இழுக்க நிறைய இடம் இருக்கிறது. செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் செயின் லாக்கின் கிளிப்பு, மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கிற மாதிரி போட வேண்டும், அதாவது மேல்பக்கச் செயினில் இருக்கும்போது முன்னால் பார்த்து. திறந்த முனை முன்னால் இருந்தால் எங்காவது தட்டி கிளிப்பு பறந்துவிடும்.

மூன்றாவது, மதகு ஏற்றத்தில் கழலும் கதை. பிபியும் செயினும் சரியான பிறகும் இது நின்றுவிட்டதா என்று சோதிக்காமல் வண்டியைக் கொடுக்க மனமில்லை. இரண்டு பக்கமும் பிளவில் ஆக்சில் வாஷரை ஒட்டி ஆணியால் கோடு கிழித்துவிட்டு, கேன்களில் தண்ணீர் நிரப்பி, அண்ணனையே மதகில் ஏறச் சொன்னேன். திரும்பி வந்து பார்த்தால் இடப்பக்கக் கோடு அசையவில்லை, வலப்பக்க வாஷர் கோட்டை விட்டு ஒரு மயிரிழை முன்னால் போயிருந்தது. செயின் வலப்பக்கம், அதனால் இழுப்பு வலப்பக்கம், சக்கரம் கோணலாகி செயின் வரிசை தப்புகிறது.

அந்த இழுப்பு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கிராங்கின் நீளம் ஆறே முக்கால் இன்ச் மாதிரி, 44 பல் சக்கரத்தின் ஆரம் மூன்றரை இன்ச். பெடலில் 60 கிலோ ஏறினால் செயினில் அது 115 கிலோ இழுப்பாக மாறுகிறது. பின் ஆக்சிலை அந்த இழுப்புக்கு எதிராகப் பிடித்து நிற்பது நட்டின் பிடிமானம் மட்டுமே. இந்த வகை வண்டியில் அந்த நட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஸ்டாண்டு, கேரியர் கம்பி, மட்கார்டு கம்பி என்று மூன்று தகடு அடுக்கியிருக்கும், பாரம் ஏறி இறங்கும்போது அவை ஒன்றோடொன்று உரசி, பெயிண்ட் தேய்ந்து, நட்டின் இறுக்கம் தளரும். இங்கே வலப்பக்கம் வாஷரும் வழுவழுவென்று தேய்ந்த சாதா வாஷர், செயின் அட்ஜஸ்டர் போல்ட்டின் மரையும் கெட்டுப் பேருக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அட்ஜஸ்டர் இரண்டையும் புதிதாகப் போட்டு, ஃபிரேமை ஒட்டி பல் வைத்த வாஷர் போட்டு, தகடுகளின் நடுவில் இருந்த துருவையும் மண்ணையும் சுரண்டி எடுத்தோம். நட்டும் மாற்றினோம், பழையது ஸ்பேனரில் முனை மழுங்கி இறுக்கவே வழியில்லாமல் இருந்தது.

டைட் வைத்த முறை இது. பெடலைச் சுற்றி விறைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு அட்ஜஸ்டரையும் சமமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, நடுவில் 4 நூல் ஆட்டம் வரும் வரை. டயருக்கும் இரண்டு பக்க ஃபோர்க்குக்கும் நடுவில் இடைவெளி சமமா என்று பார்த்து, வலப்பக்க நட்டை முதலில் இறுக்கி, பிறகு இடப்பக்கம். இறுக்கும்போது நட்டு திரும்பும் வேகத்தில் ஆக்சில் நகர்ந்துவிடும், அதனால் இறுக்கிய பின்னும் ஒருமுறை அளக்க வேண்டும். அப்புறம் பெடலைக் கையால் சுற்றிவிட்டு, சத்தம் சீராக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, தண்ணீர் கேனோடு மறுபடி மதகு. கோடு அசையவில்லை.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் பின்னால் கியர் மாற்றும் டெரெய்லரின் ஸ்பிரிங் தளர்ச்சியை விழுங்கிக்கொள்ளும், சக்கரத்தை இழுத்து டைட் வைக்கும் வேலையே இல்லை. செயின் கழன்றால் லிமிட் திருகு, கேபிள், வளைந்த ஹேங்கர் என்று தேட வேண்டும். ஸ்கேல் அளவு மட்டும் பொது, ஆனால் பின்னால் 11, 12 பல்சக்கரம் உள்ளவற்றுக்கு அரை நூல் வரை காத்திருக்கக் கூடாது, அதற்கும் முன்பே மாற்ற வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில் அண்ணனிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு ரோலரிலும் ஒரு சொட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி உள்ளே இறங்கவிட்டு, வெளியே இருப்பதைப் பழந்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். செயினைத் தொட்டால் விரலில் கறுப்பு அப்பக் கூடாது.

புதுச் செயின் முதலில் கொஞ்சம் இடம் பிடித்துத் தளரும், அப்படித் தளர்ந்தபோது அட்ஜஸ்டரை அரைத் திருகு திருப்பியதோடு சரியாகிவிட்டது, அதற்குப் பிறகு மதகிலும் கேட்டிலும் கழலவில்லை. செயினையும் ஃப்ரீவீலையும் மறுபடி சேர்த்து மாற்றும் செலவு வராமல் இருக்க, 12 இன்ச்சுக்கு அரை நூல் தாண்டிய இடத்தில் சிவப்பு பெயிண்ட் வைத்த ஒரு ஸ்டீல் ஸ்கேலை அவரிடம் கொடுத்திருக்கிறேன். 24-வது பின் அந்தச் சிவப்பைத் தொட்டதும் செயினை மட்டும் மாற்றினால் போதும்.